வாங்காத காசை வாங்கினேன் என்று எழுதாதீர்கள்

மார்ச் மாதம் வந்தால் மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியில் மகளிர் தினக் கூட்டம் நிச்சயம். பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேச ஒரு வழக்கறிஞரை அழைத்திருப்பார்கள். பேச்சு நன்றாகவே இருக்கும். முடிக்கும்போது மட்டும் ஒரு வரி வரும்: "நம்ம பெண்களுக்குச் சட்டம் தெரியலை. அதனாலதான் அண்ணன் தம்பி நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறாங்க." எல்லோரும் கை தட்டுவோம். போன வருஷத்திலிருந்து அந்த வரியைக் கேட்டால் எனக்குக் கை எழும்புவதில்லை. எனக்குத் தெரிந்து, சொத்தில் தன் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் அரசு மருத்துவமனையில் செவிலியர், இன்னொருவர் வங்கியில் எனக்குப் பக்கத்து மேசை. வங்கியில் இருப்பவர் தினமும் அடுத்தவர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வரி வரியாகப் பார்த்துக் கடன் கோப்பு தயார் செய்கிறவர். அவருக்கா சட்டம் தெரியாது?

இவர்களையெல்லாம்விட அதிகம் தெரிந்தவர் என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. 1982-ல் கல்யாணம் முடிந்து திருமங்கலம் பக்கம் போனார். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே வருஷம்தான். இரண்டொரு வருஷத்தில் உள்ளூர்ப் பள்ளியிலேயே சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த வேலையில் சமையலைவிடப் பதிவேடுதான் பெரிய விஷயம் என்பார். எந்த நேரத்தில் எந்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்குவார் என்று தெரியாது. வந்த பிள்ளைகள் எத்தனை, வெந்த முட்டை எத்தனை, மிச்சம் எத்தனை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம்வரை படிக்கும் பழக்கமும் உண்டு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்து, "ஏத்தா, பேப்பர் பாத்தியா? பொம்பளப் பிள்ளைக்கும் பொறக்கும்போதே பங்காமுல்ல. அப்பன் இருந்தாலும் செத்தாலும் உண்டாம்" என்று சொன்னது அவர்தான். நான் அன்றைக்குச் செய்தியே பார்த்திருக்கவில்லை.

"இல்லாததை எப்படிய்யா விட?"

சோழவந்தான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தா கொடிக்கால் குத்தகைக்கு எடுத்து வெற்றிலை வெட்டிச் சம்பாதித்த காசில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய நிலம் 2 ஏக்கர் 10 செண்டு. பாதி வயல், பாதி தென்னை. உயில் எழுதாமலே 2011-ல் போய்விட்டார். அப்பத்தா இருக்கும்வரை யாரும் பத்திரத்தைத் தொடவில்லை. அப்பத்தாவும் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்பு பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா வாரிசுச் சான்றிதழ் பேச்சை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது. செண்டு ஒரு லட்சத்துக்கு ஆள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஆவண எழுத்தர் அப்பாவுக்குப் பழக்கமானவர். வீட்டுக்கே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அத்தையைப் பார்த்துப் பதவிசாகச் சொன்னார்: "அம்மாவுக்கு எண்பத்தொன்பதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு. சட்டப்படி பாத்தா பாகம் கிடையாது. இருந்தாலும் நாளப்பின்ன வில்லங்கம் வராம இருக்க ஒரு விடுதலை போட்டுக்கிடுவோம்." அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பாகமே கிடையாதுன்னா எதுக்குய்யா விடுதலை? இல்லாததை எப்படிய்யா விட?" எழுத்தர் சிரித்துச் சமாளித்தார்.

இந்த எண்பத்தொன்பது கதையை மதுரை மாவட்டத்தில் எந்தக் கிராமத்துத் திண்ணையிலும் கேட்கலாம். பாதி உண்மை என்பதால்தான் அது சாகமாட்டேன் என்கிறது. 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. கருணாநிதி ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு கொடுத்தது, 1989 மார்ச் 25 முதல். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டது. என் அத்தை தலைமுறைப் பெண்கள் மொத்தமாக அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். பிறகு 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தையே எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் பிரித்து முடித்தவற்றை மட்டும் கிளறக்கூடாது என்றது. 2005-ல் திருத்தம் வந்த அன்றைக்குப் பெண்ணின் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் கோர்ட்டுகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-ல், அப்படி ஒன்றும் அவசியமில்லை என்று முடிவானது. "வாயாலயே பிரிச்சாச்சு" என்று சொல்லித் தப்பிப்பதும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சுலபமில்லை, அதற்குக் காகித ஆதாரம் வேண்டும்.

எங்கள் வீட்டு விஷயத்தில் இதெல்லாமே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. நிலம் தாத்தா சுயமாகச் சம்பாதித்தது. உயில் இல்லாமல் இறந்த ஒரு இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956 சட்டமே சொல்லிவிட்டது. கல்யாணத் தேதியை அதில் யாரும் கேட்கவில்லை. அப்பத்தாவின் பங்கும் மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் போனது. ஆக அத்தைக்கு மூன்றில் ஒன்று, எழுபது செண்டு. 1956-லிருந்து இருக்கும் உரிமையை 1989-ஐக் காட்டி மறுப்பதும், 2005-ல் செத்துப்போன அந்த விலக்கை இன்றும் உயிரோடு வைத்திருப்பதும் எழுத்தரின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே எழுத்தர் கொட்டகையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்னதை அவர் சொல்கிறார். காசு கொடுத்து எழுதச் சொல்கிறவர்கள் எப்போதும் அண்ணன் தம்பிகள்தானே, திருத்திக்கொள்ள அவருக்கு என்ன அவசரம்.

கோடி யார் கொண்டுவருவார்?

சரி, இவ்வளவு தெரிந்தவர் ஏன் கையெழுத்துக்குச் சம்மதித்தார்? அன்று இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துக்கொண்டே கேட்டேன். "எழுபது செண்டை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன், ஆத்தா? மாமாவும் இல்ல. மகன் திருப்பூர்ல கிடக்கான். நாளைக்கு நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாருவா? உங்கப்பனும் சித்தப்பனும் வாசல்ல வந்து நிக்கலைன்னா என்னை எடுப்பாகளா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. செத்த பிறகு மேலே போர்த்துகிற ஒரு சேலைக்காக எழுபது லட்சமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதிலை நானே யோசிக்க வேண்டியிருந்தது, அது ஒன்றும் சட்டென்று வரவில்லை.

கோடிச்சேலை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் எவ்வளவோ இருக்கிறது. தலைப்பொங்கல் சீர், ஆடிச்சீர், முதல் பிள்ளைக்கு வளைகாப்பு, காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி, மகள் சமைந்தால் குச்சுக்கட்டும் மாமன் சீரும், மகன் கல்யாணத்தில் மேடையில் நிற்கிற மாமன். மொய் நோட்டில் முதல் பெயரே தாய்மாமன்தான். இந்த ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணின் மரியாதை புகுந்த வீட்டில் எவ்வளவு என்பதைப் பிறந்த வீட்டிலிருந்து எத்தனை தட்டு வந்தது என்பதை வைத்து எண்ணுகிறார்கள். புருஷன் அடித்தால் வந்து கேட்கவும் அண்ணன் தம்பிதான். எங்கள் தெருவில் ஒருவர் அண்ணன்மார் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அவர் பேத்திக்குக் காதுகுத்து நடந்தபோது மாமன் வழிக் கூட்டம் மொத்தமும் வரவில்லை. விருந்துக்கு உட்கார்ந்தவர்கள் கறி எப்படி இருந்தது என்று பேசவில்லை, யார் வரவில்லை என்றுதான் பேசினார்கள். வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. கோர்ட்டை நம்பச் சொல்கிறோம், எவ்வளவு காலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுயசம்பாத்தியத்தில் மகளின் உரிமை 1956-க்கு முன்பேகூட உண்டு என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன அருணாசலக் கவுண்டர் வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்குதான். கீழ்க்கோர்ட்டில் அது தள்ளுபடியானது 1994-ல்.

இப்படிப் பார்த்தால் அத்தை போட்ட கணக்கு முட்டாள்தனமானது இல்லை. அவர் எழுபது செண்டைப் பிரீமியமாகக் கட்டிப் பிறந்த வீட்டைக் காப்பீடு எடுக்கிறார். பிரீமியம் அநியாயம் என்பது என் கட்சி. அந்தப் பாலிசியை அவர் ஏன் எடுக்கிறார் என்று கேட்காமல், விவரம் இல்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போவது மேடையில் இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். சட்டம் தங்கைக்குப் பங்கு கொடுத்திருக்கிறது. பங்கு கேட்ட தங்கை வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போ என்று எந்தச் சட்டமும் அண்ணனுக்குச் சொல்ல முடியாது.

இதை மதுரையில் உட்கார்ந்து எழுதுவது ஒரு விதத்தில் தமாஷ். அப்பன் ராஜ்யத்துக்கு மகளே வாரிசாகி முடிசூடிய ஊர் இது. இன்றைக்கும் சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடத்திச் செங்கோல் கொடுக்கிறோம். மாப்பிள்ளைதான் இங்கே வந்து சேர்ந்தார். ஆனால் மலையத்துவச பாண்டியனுக்கு மகன் இல்லை. அண்ணன் முறையான அழகர் ராஜ்யத்தில் பங்குக்கு வரவில்லை, சீர்தான் கொண்டுவருகிறார், அதையும் கல்யாணம் முடிந்த பிறகு. அக்காளும் தம்பியும் ஒரே வீட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் கதைகள் சொல்லவில்லை.

மூன்றாம் பக்கம்

பத்திரம் முடிக்கப் போன நாள் நல்ல முகூர்த்தம் போலிருக்கிறது, அலுவலகத்தில் நிற்க இடமில்லை. டோக்கன் நம்பர் வர நேரமாகும் என்று எதிரே எழுத்தர் கொட்டகையில் உட்கார்ந்தோம். சாட்சிக் கையெழுத்துக்கு நானும் சித்தி மகனும். எழுத்தர் வரைவைக் கையில் எடுத்து, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் ஓதுகிற வேகத்தில் படித்தார். சர்வே எண், நான்கெல்லை, தென்னை மரம், கிணற்றில் பங்கு, மாமூல் வழிநடைப் பாத்தியம். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் அத்தை கையை நீட்டி, "கொடுங்க, நானும் ஒருக்கப் படிச்சுக்கிடுறேன்" என்று வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே எழுதியிருந்தது இது: மேற்படி சொத்தில் எனக்குள்ள மூன்றில் ஒரு பாகத்துக்கு ஈடாக, என் திருமணத்தின்போது நகையாகவும் சீர்வரிசையாகவும் பெற்றுக்கொண்டது போக, இன்றைய தேதியில் ரொக்கம் ரூபாய் ஐந்து லட்சமும் பெற்றுக்கொண்டு, இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று…

"அஞ்சு லட்சம் யாரு கொடுத்தா?"

"அது சும்மா வழக்கமாப் போடுறதும்மா. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும்."

"யாரு கொடுத்தான்னு கேட்டேன்."

அப்பா, "அக்கா, அது ஒரு ஃபார்மாலிட்டிக்கா" என்றார். அத்தை அவரைப் பார்க்கவேயில்லை. "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல முட்டைக் கணக்கு எழுதினவ நான். வராததை ஒரு நாள் வரவுன்னு எழுதினதில்ல. எழுதியிருந்தா என் வேலை போயிருக்கும். இப்ப என்னை எழுதச் சொல்றீக. இந்த நகையைப் பாகத்துக்குன்னா எங்கப்பா போட்டாரு? பதினஞ்சு பவுனு, மாப்பிள்ளை வீட்டுல கேட்டாக, போட்டாரு."

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். 1961-லேயே வரதட்சணை தடைச் சட்டம் வந்துவிட்டது. கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அதே நகையை அரசாங்க அலுவலகத்தில் பதிவு செய்கிற பத்திரத்தில், பெண்ணின் பாகத்துக்கு ஈடு என்று எழுதுகிறோம். யாரும் சிரிப்பதுகூட இல்லை. அந்த நகையில் பாதி நாத்தனார் கல்யாணத்துக்குப் போனது, மீதி மாமா ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா, எங்களை நம்பலையா? இத்தனை பேருக்கு முன்னாடி…"

"நம்புறதுனாலதானடா சும்மா கொடுக்கிறேன். கொடுக்கிறேன்னு எழுது. வாங்கினேன்னு ஏன் எழுதுற?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. எழுத்தர்தான் கடைசியில் உண்மைக் காரணத்தைச் சொன்னார். பணம் வாங்கியதாக இருந்தால், பின்னால் அத்தையின் பிள்ளைகள் 'ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்' என்று வழக்குப் போட்டாலும் பத்திரம் பலமாக நிற்கும். அந்த ஐந்து லட்சம் எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு கவசம். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் பிள்ளைக கேஸ் போட மாட்டாக. போட்டா நான் பொய் சொல்லலைன்னாவது இருக்கட்டும்" என்றார். சித்தப்பா டீக்கடைப் பக்கம் போய்விட்டார். எழுத்தரின் பையன் கம்ப்யூட்டரில் அந்தப் பத்தியை அழித்துவிட்டு வேறு அடித்தான்: எவ்விதப் பிரதிபலனும் பெறாமல், என் சகோதரர்கள் மீதுள்ள அன்பின் காரணமாக. புது அச்சை அத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

உள்ளே போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்த பிறகு சார்பதிவாளர் தலை நிமிராமலே கேட்டார், "தொகையெல்லாம் வாங்கிட்டீங்களாம்மா?" "தொகை கிடையாதுங்க. சும்மா கொடுக்கிறேன்" என்றார் அத்தை. அவர் பேச்சு எப்போதுமே கொஞ்சம் சத்தம்தான், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார்பதிவாளரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அடுத்த பக்கத்துக்கு முத்திரை குத்தினார். அவர் வேலை, வந்தவர் அவர்தானா, கையெழுத்து தன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. நியாயமான பத்திரமா என்று பார்க்க அங்கே மேசை கிடையாது. கட்டணமும் வழியைச் சுலபமாக்கித்தான் வைத்திருக்கிறது. அத்தை பங்கை அப்பா விலைக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

காரில் திரும்பும்போது

வரும் வழியில் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையைத் திருமங்கலம் பஸ் ஏற்றிவிட்ட பிறகு சொன்னார்: "கடைசில நம்மளப் பிச்சைக்காரனாக்கிட்டுப் போயிருச்சு." அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் விளங்கியது அந்த வாக்கியத்தில்தான். நிலம் வந்துவிட்டது, ஒரு செண்டு குறையவில்லை, பத்திரமும் செல்லும். பிறகு என்ன குறை? வாங்கியதாக எழுதியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். அக்காவுக்கு நகை போட்டோம், பணம் கொடுத்தோம், முடிந்தது என்று ஊருக்கும் சொல்லலாம், தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்ளலாம். கொடுத்ததாக எழுதிவிட்டால், எழுபது லட்சம் பெறுமானமுள்ள ஒரு பொருளை அக்காவிடமிருந்து சும்மா வாங்கிக்கொண்டவர்கள் என்று பதிவுத்துறை ஆவணத்திலேயே ஏறிவிடுகிறது. வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் எவரும் நகல் எடுத்துப் படிக்கலாம். அந்தப் பொய் வரி எல்லாப் பத்திரத்திலும் ஏன் இருக்கிறது என்பதற்கு எழுத்தர் சொன்ன வழக்குக் காரணம் பாதிதான். மீதிப் பாதி இது.

சட்டம் வருவதற்கு முன்னால் அத்தை மாதிரிப் பெண்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்டு வந்ததில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. இப்போது தம்பிமார் பழத்தட்டோடு வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. விட்டுக்கொடுப்பவர்களுக்குக்கூட இந்தச் சட்டம் கொடுத்திருப்பது இதை, கொடுக்கிறவர் என்ற இடத்தை. அந்த இடத்தையும் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி போட்டு வாங்கிவிடுகிறோம். அதற்காக விட்டுக்கொடுப்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அத்தை கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது யாராவது அலுவலகத்தில் இதுபற்றிக் கேட்டால், 'கையெழுத்துப் போடாதே' என்று ஆரம்பிப்பதில்லை. கேட்கிறவர் அதோடு பேச்சை முடித்துக்கொள்வார். பதினாறாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவில் நீட்டுகிற எதிலும் கையெழுத்து வேண்டாம், நிலம் எங்கேயும் ஓடிவிடாது என்பேன். வரைவை முந்தின நாளே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள் என்பேன். பதிவான பத்திரத்தை ரத்து செய்வது சாமானியம் இல்லை. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். காசு இல்லாமல் வக்கீலிடம் எப்படிப் போவது என்பவர்களுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 சட்டப்படி பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து நிறையப் பேர் அந்த வாசலை மிதிப்பதில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான், எப்படியும் விடுவது என்று முடிவு செய்துவிட்டால் வாங்காத காசை வாங்கினேன் என்று எழுதவிடாதீர்கள் என்பேன். இதற்கு மட்டும் எல்லோரும் சரி என்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் தன் பத்திர நகலைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, "எனக்கு மூணு லட்சம் கொடுத்திருக்காங்கடி" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் விஷயம் இன்னும் அடங்கவில்லை. தென்னந்தோப்பில் 20 செண்டை அத்தை பெயருக்குத் திரும்பத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாமா என்று அப்பா இரண்டு மூன்று முறை ஆரம்பித்தார். சித்தப்பா, "அப்ப நான் என்ன திருடனா?" என்கிறார். தன் பங்கில் மட்டும் எழுத அப்பாவுக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. ஆனாலும் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு இருந்த அதே தொல்லை இப்போது தம்பிக்கு.

இதற்கிடையில் என் தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். அப்பா தன் பங்கை எங்கள் இருவருக்கும் எழுதி வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார், உனக்கும் பாதி, எப்படி வேண்டும் என்று கேட்டான். நல்ல பிள்ளை, கேட்கவே வேண்டியதில்லை என்பதுபோலத்தான் கேட்டான். அந்தப் பாதியில் அத்தையிடமிருந்து வந்ததும் சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். முதலில் அதற்கு ஒரு வழி பண்ணச் சொல்லு, பிறகு சர்வேயரை வைத்து அளந்து உட்பிரிவு செய்து எனக்குத் தனிப் பட்டா போட வேண்டும், கூட்டுப் பட்டா வேண்டாம் என்றேன். அவன் கொஞ்சம் தயங்கித்தான் சரி என்றான். அத்தையிடம் சொன்னபோது, "தனிப் பட்டாவா? அப்ப உனக்குக் கோடி யாருடி போடுவா?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அப்புறம், உட்பிரிவுக்கு மனுப் போட்டால் சர்வேயர் எத்தனை நாளில் வருவார், கல் ஊன்ற நாம்தான் ஆள் வைக்க வேண்டுமா, பக்கத்து வயல்காரருக்கு நோட்டீஸ் யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். திருமங்கலத்தில் மாமா பெயரில் இருக்கிற வீட்டடி மனையில் அவர் மகளுக்கும் மகனுக்கும் பிரிக்க வேண்டியிருக்கிறதாம்.